எல்லாம் செல்போன் வந்த பிறகுதான்

"கலா, இதைக் கேள். ஸ்கூல் குரூப்பில் போடப்போகிறேன். ‘தொண்ணூறுகளில் உலகமே நிம்மதியாக இருந்தது.’ எப்படி?"

"பேஷ். பீரோவைத் துடைக்கணும், கொஞ்சம் நகருங்கள்... அடப்பாவமே! கொலம்பியாவில் ஒரு கால்பந்து ஆட்டக்காரரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். உலகக் கோப்பையில் சேம்சைடு கோல் போட்டவராம்."

"பார்த்தாயா! ஒரு கோலுக்குக் கொலை. எல்லாம் செல்போன் வந்த பிறகுதான்."

"வட கொரியாவில் கிம் மாரடைப்பில் போய்விட்டாராம். இனிமேல் மகன்தானாம்."

"அந்தக் குண்டுப் பையனா? ராக்கெட் விட்டுக்கொண்டே இருந்தாரே! ராத்திரியெல்லாம் போனை நோண்டியிருப்பார். நெஞ்சு தாங்குமா?"

"வியாழன் கிரகத்தில் வால்நட்சத்திரம் துண்டு துண்டாக விழுகிறதாம். விழுந்த தழும்பே பூமி அகலத்துக்கு இருக்கிறதாம்."

"டவர்! கண்ட இடத்தில் டவர் வைத்தால் அப்படித்தான்."

"வியாழனிலா?"

"சிக்னல் எதுவரைக்கும் போகும் என்று யார் கண்டது?"

"ருவாண்டாவிலிருந்து நாலைந்து நாளில் எட்டு லட்சம் பேருக்கு மேல் பக்கத்து நாட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். போன இடத்தில் காலரா."

"ச்சே! என் சின்ன வயதில் இப்படி ஒரு செய்தி உண்டா? இதையும் குரூப்பில் சேர்த்துவிடுகிறேன். எந்தப் பேப்பர்?"

"உங்கள் அம்மா பீரோவில் விரித்த பேப்பர். தட்டுக்கு ஒரு தாள். எல்லாமே 1994 ஜூலை."

"..."

"செத்தது இப்போது இருக்கிற கிம்முடைய தாத்தா. அப்புறம், இந்தியாவில் முதல் செல்போன் பேச்சே அடுத்த வருஷம் ஜூலையில்தான்."

"அப்படியென்றால்... கார்ட்லெஸ் போன்?"

"விட மாட்டீர்களே! ருவாண்டாவில் அதற்கு முன்னால் மூன்று மாதமாக லட்சக்கணக்கில் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். இங்கே பாருங்கள், அகதிகள் செய்தி வரி விளம்பரத்துக்குப் பக்கத்தில், நாலு விரல் அகலம். ஃபைனலில் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்த இத்தாலிக்காரர் பாஜியோ மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கால்வாசிப் பக்கத்துக்கு நிற்கிறார். உலகம் நிம்மதியாக இருந்ததாம்! உங்களுக்கு அப்போது ஒன்பது வயது. பேப்பரைப் படித்து வயிறெரிந்தது மாமா. நீங்கள் அதில் பட்டம் செய்தீர்கள்."

"சரி சரி. அந்தத் தாளை இப்படிக் கொடு, போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுகிறேன்."

"ருவாண்டா செய்தியையா?"

"அதில்லை. முப்பது வருஷமாகியும் ஓரம்கூடக் கிழியவில்லை, பார். அந்தக் காலத்துப் பேப்பர்!"