எண்ணிக்கை கேட்காதீர்கள், ஊழியருக்கு முதலில் பழகக் கொடுங்கள்

"பேங்க் ஸ்டாஃபுக்கு டிஜிட்டல்னாலே ஆகாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1985ல் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அன்று எல்லாமே கையால் எழுதும் லெட்ஜர். பேலன்சிங், அதாவது கணக்குகளின் மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என்றால், ராத்திரி எட்டு, ஒன்பது மணிவரை உட்கார வேண்டும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கலாம், யாரோ 54ஐ 45 என்று எழுதியிருப்பார் என்று பக்கம் பக்கமாகத் தேடுவோம். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்ற பயமும் அப்போது இருந்தது, அது நியாயமான பயம்தான். 1983ல் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் இயந்திரங்களுக்கு வழி பிறந்தது, அடுத்த வருடம் வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது பற்றிய ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. ஆனால் எங்கள் கிளையில் மனசு மாறியது எந்தச் சுற்றறிக்கையாலும் இல்லை. முதல் தடவை பேலன்சிங் தானாக டேலி ஆகி, ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினோமே, அன்றைக்கு மாறியது.

இப்போது நடப்பது நேர் எதிர். காலையிலேயே வாட்ஸப் குழுவில் "இன்று எத்தனை ஆக்டிவேஷன்?" என்று, அதாவது எத்தனை பேர் போனில் வங்கியின் ஆப்பைப் போட்டுவிட்டீர்கள் என்று கேள்வி வந்துவிடுகிறது. பென்ஷன் வாங்க வந்த பாட்டியின் போனை வாங்கி, ஆப்பை ஏற்றி, ஓடிபி கேட்டு, கணக்குக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அந்தப் பாட்டி அடுத்த மாதமும் பாஸ்புக்கோடு வரிசையில்தான் நிற்பார். நாளைக்கு யாரோ அவரை ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால், "நீதானப்பா ஏத்திக் கொடுத்தே" என்று கவுண்டரில் இருப்பவரிடம்தான் வந்து அழுவார். ஊழியர் தயங்குவது இதற்குத்தான், தெரியாமல் இல்லை.

நான் மேலாளராக இருந்த கடைசி வருடங்களில், மாலை கூட்டம் குறைந்ததும் ஆளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினேன். அவரவர் போனில் அவரவர் கரண்ட் பில்லைக் கட்டுங்கள், ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) ஒன்று திறந்து பாருங்கள், பாதியில் நின்றுபோனால் எங்கே போய்ப் புகார் போடுவது என்று பழகுங்கள் என்றேன். அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது: யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் கழிந்து, போய்ச் சேராமல் நின்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019லேயே சொல்லியிருப்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஆன்லைன் பயிற்சியில் பக்கங்களைத் தள்ளிவிட்டுச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எப்படித் தெரியும்?

வட்டார அலுவலகங்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஆறு மாதம் டவுன்லோட் எண்ணிக்கை கேட்காதீர்கள். அந்த நேரத்தைக் கிளைக்குக் கொடுங்கள். ஆப்பில் கோளாறு என்று கிளையிலிருந்து எழுதினால் பதில் போடுங்கள்.

எங்கள் கேஷியருக்கு அப்போது ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. ஆப் பக்கமே வரமாட்டேன் என்றவர். ஒருநாள் கண்கலங்கி வந்த அம்மாவிடம் அவரே சொன்னார்: "நாளைக்குள்ள பணம் திரும்பலேன்னா நேரா என்கிட்ட வாங்கம்மா, நானே புகார் போட்டுத் தர்றேன்."