தூக்க மாத்திரைக்கும் அடங்காத நோய்

பரம்பரையாக வந்து தூக்கத்தையே பறிக்கும் ‘ஃபேட்டல் ஃபெமிலியல் இன்சோம்னியா’ என்ற மூளை நோயைப் பற்றிய ஒரு கட்டுரையை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உட்கார்ந்துதான் படித்தேன். இருட்டோடு எழுந்து மல்லிகை எடை போடும் எங்களுக்கு மத்தியானம் சாக்கில் சாய்ந்தால் போதும், கண் சொக்கிவிடும். அந்த நோயாளிக்கு அதுகூடக் கிடையாது. மரபணுப் பிழையால் உருமாறிய பிரியான் என்ற புரதம், தூக்கத்தை ஒழுங்குபடுத்த உதவும் தலாமஸ் என்ற மூளைப் பகுதியை அழிக்கிறது. கண்ணை மூடிப் படுத்தாலும் உறக்கம் வராது, உடம்பு வேர்த்துக் கொட்டும், தூக்க மாத்திரையும் கேட்காது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பாம். படிக்கும்போதே நெஞ்சு அடைத்தது. 1986-இல் இத்தாலிய மருத்துவர்கள் இந்த நோயை விவரித்து எழுதும்வரை அந்தக் குடும்பங்கள் என்னென்ன பேச்சு கேட்டிருக்கும்! எங்கள் பக்கம் என்றால் முதலில் கோடாங்கியிடம்தான் கூட்டிப் போயிருப்பார்கள். அப்புறம் ஒன்று, நாலு நாள் தூக்கம் வரவில்லை என்று இதைப் படித்து யாரும் பயந்துவிடாதீர்கள். இது உலகத்தில் மிகச் சில குடும்பங்களில்தான் இருக்கிறது.