ஆறு வாரத்தோடு முடிகிற கதை இல்லை

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து ஆறு வாரத்தில் எரிச்சல், அடிக்கடி சிறுநீர் எல்லாம் அடங்கிவிடும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், அப்பாவுக்கும் அடங்கியது. புராஸ்டேட்டுக்கு 37 நாள் கரண்ட் வைத்தார்கள் (கதிர்வீச்சை எங்கள் ஊரில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்), தினமும் தண்ணீர் குடித்து சிறுநீரை அடக்கிக்கொண்டு மிஷினில் படுப்பார், பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றைக் கவனிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) இறங்கியது, நாங்களும் மறந்துவிட்டோம்.

நாலு வருஷம் கழித்து ஒருநாள் காலை கழிப்பறையிலிருந்து கூப்பிட்டார். பீங்கான் முழுக்கச் சிவப்பு. மூலம் என்று சொல்லி ஒரு கிளினிக்கில் மூன்று மாதம் களிம்பு கொடுத்தார்கள். கரண்ட் வைத்ததை அவர்களும் கேட்கவில்லை, பழைய கதைதானே என்று நாங்களும் சொல்லவில்லை.

புராஸ்டேட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருப்பது மலக்குடல். கதிர்வீச்சு அதன் மேலும் பட்டு, சுவரில் ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லக் கெட்டு, அப்புறம் நோஞ்சானாகப் புதுக்குழாய்கள் முளைத்து, அவைதான் கசிகின்றன. கடைசியில் ஆர்கான் வாயு வைத்துச் சுட்டு அடைத்தார்கள், இரண்டு தடவை. அந்த இடத்தில் பயாப்ஸி என்று சோதிக்கச் சதை கிள்ளினால் புண் ஆறாமல் ஓட்டைகூட விழலாம், அதனால் கொலனோஸ்கோப்பிக்கு (குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) போகிறவர்கள் கரண்ட் வைத்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வில், புற்று வெளியே பரவாத 1643 பேரைச் சுமார் 15 வருஷம் கவனித்ததில், அறுவை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு எதுவானாலும் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 100க்கு 3 பேர்தான். அப்படியிருக்க, பக்கவிளைவைப் பற்றித்தானே முதலில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்? எங்களிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தில் எல்லாம் இருந்ததாம், பொடி எழுத்தில்.