பெரியப்பா வேலை செய்த இடம்

போன ஞாயிறு பெரியப்பாவைக் கிளிநொச்சிப் பக்கத்துப் பரந்தனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரசாயனத் தொழிற்சாலை இருந்த இடத்துக்கு. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'கெமிக்கல் பக்டரி' தான். 1970களில் இளந்தாரியாக அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் பெரியப்பா. இப்போது எழுபது தாண்டிவிட்டது. இடம்பெயர்ந்து திரிந்த பிறகு ஒரு நாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்றார்.

எனக்கு இருக்கிற கோபத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் எழுதுகிறார்கள். செல் பட்ட சுவர், துருப்பிடித்த இரும்பு, போரின் வடு. அது பொய்யில்லை. 1996இல் ஆனையிறவிலிருந்து இறங்கிய இராணுவம் முதலில் பிடித்தது பரந்தனைத்தான். 2009 புத்தாண்டு அன்று திரும்பப் பிடித்ததும் அதே பரந்தனைத்தான். ஆனால் பக்டரி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் கிட்டத்தட்ட முப்பது வருசம் அங்கே மனிதர்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போய் வந்தார்கள். அந்த முப்பது வருசத்தைப் பற்றி ஒரு வரி எழுத ஆளில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். அங்கே என்ன செய்தார்கள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஏதோ மருந்து, ஏதோ அசிட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஒரு வரியில் சொன்னார்: "உப்பைப் பிரிக்கிற வேலை, பிள்ளை."

ஆனையிறவு உப்பளத்து உப்பு லொறியில் வரும். அதைக் கரைத்து, வடித்து, அந்த உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒரு பக்கம் குளோரின் வரும், மற்றப் பக்கம் கொஸ்ரிக் சோடாவும் ஐதரசனும். கொஸ்ரிக் சோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் தேவை. குளோரின் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யத் தேவை. பக்கத்தில் விளைந்த உப்பிலிருந்து ஒரு நாட்டுக்குத் தேவையான சாமான் செய்த ஊர் இது. இன்றைக்கும் பரந்தன் பெயரோடு ஒரு அரச நிறுவனம் இருக்கிறது. அது குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கித்தான் விற்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

உள்ளே பற்றை. நெருஞ்சி முள். பெரியப்பா பழைய பாதையிலேயே நட என்று சொல்லி எனக்கு முன்னால் நடந்தார். ஒரு சுவரின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்தேன். அவர் விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார். "உப்பு." நானும் வைத்துப் பார்த்தேன். உப்புத்தான். அந்த நிலத்தின் உப்போ, அவர்கள் கரைத்த உப்போ, ஒவ்வொரு மாரியும் சுவருக்குள் ஏறி, வெயிலில் வெளியே வந்துகொண்டே இருக்கிறது.

பிறகு அவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். தலையை நிமிர்த்தித் தூரத்துப் பனைகளைப் பார்த்தார். என்ன பெரியப்பா என்றேன். "காத்தைப் பாக்கிறன்" என்றார்.

வேலைக்குள் இறங்கும்போது அடிப்பது வாடைக்காற்றா, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக்காற்றா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்களாம். குளோரின் காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு நிலமாகப் படுத்துக்கொண்டு வரும். கசிந்தால் பள்ளத்துப் பக்கம் ஓடக்கூடாது, குனியக்கூடாது. காற்று வருகிற பக்கமாகத்தான் போகவேண்டும், மேட்டுக்கு ஏறவேண்டும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, அமோனியாவில் நனைத்த துணியை ஒரு கம்பில் சுற்றி, குழாய் பொருந்துகிற இடமெல்லாம் காட்டிக்கொண்டு போவார்கள். கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளைப் புகை எழும்பும். இதைச் சொல்லும்போது அவர் கை தன்பாட்டில் அந்தக் கம்பைப் பிடித்திருந்தது. நாற்பது வருசத்துக்குப் பிறகும்.

கொஸ்ரிக் சோடா எப்படி இருக்கும் என்று கேட்டேன். "கையில பட்டா முதல்ல சவுக்காரம் மாதிரி வழுக்கும். நோகாது. அதுதான் பயம். நோகத் தொடங்கேக்க தோல் போயிருக்கும்." தோலில் இருக்கிற கொழுப்பையே அது சவர்க்காரமாக்கிவிடுகிறது, அதனால்தான் அந்த வழுக்கல். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவள் நான். சோதனைக்கு எழுதிய சமன்பாடு எனக்கு முதன்முதலாக விளங்கியது அந்த நிமிசத்தில்தான்.

சரி, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் என்று மூன்று இடங்களில் கைத்தொழில் வலயம் அமைக்கும் திட்டம் இருக்கிறது. வரட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் வரைபடம் கீறுவதற்கு முதல் இந்த ஆட்களிடம் போய்க் கேளுங்கள். எந்த மாதத்தில் காற்று எந்தக் குடியிருப்புப் பக்கம் அடிக்கும், மாரியில் வெள்ளம் எந்த வழியால் ஓடும், எந்தக் கிணறு முதலில் உவர்க்கும் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். அங்கே நின்று முறை வேலை (ஷிப்ட்) பார்த்தவர்கள். கொழும்பிலிருந்து வருகிற ஒரு அறிக்கை இதைச் சொல்லாது.

அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பரந்தனிலிருந்து அரை மணித்தியாலம்கூட இல்லை. நான்கு மாணவர்கள் ஒரு தவணை முழுக்க இந்த ஐயாமாரோடு இருந்து பதிவு செய்தால் போதும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு போனும் பொறுமையும் தேவை. இன்னும் பத்து வருசம் போனால் கேட்க ஆளிருக்காது. பெரியப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்களில் இப்போது இருப்பவர் அவருக்குத் தெரிந்து மூன்று பேர்தான்.

திரும்பி வந்ததும் வீட்டில் ஒரு பொலித்தீன் பையைக் காட்டினார். சேவைச் சான்றிதழும் ஒரு சம்பளத் துண்டும். முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், மெனிக் பாம் முகாமுக்கும் போய்த் திரும்பிவந்த பை. காணி உறுதி தொலைந்துபோனது, கலியாணப் படம் தொலைந்துபோனது, இது இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "திரும்பத் திறந்தா கேப்பாங்கள் தானே" என்றார்.

உங்கள் வீட்டில் யாராவது அங்கே வேலை செய்திருந்தால், குவார்ட்டசில் இருந்திருந்தால், ஒரு படமோ துண்டோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். இந்தச் சனிக்கிழமை உருத்திரபுரத்தில் ஒரு ஐயாவைப் பார்க்கப் போகிறேன். ஆனையிறவிலிருந்து உப்பு ஏற்றிய லொறி ஓட்டியவர். பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார்.