மணல் தகடு மின்சாரம் தருமா?

'கடற்கரை மணலில் செய்த பீங்கான் தகடு, எரிபொருளே இல்லாமல் மின்சாரம் தரும். திருச்சியில் படித்த கே.ஆர். ஸ்ரீதரின் கண்டுபிடிப்பு' என்றொரு செய்தி சுற்றுகிறது. அவர் திருச்சியில் படித்ததும், அவரது நிறுவனமான புளூம் எனர்ஜி 2010இல் இத்தகைய தகடுகளை அடுக்கிய மின்சாரப் பெட்டியை அறிமுகப்படுத்தியதும் உண்மை. எரிபொருளே வேண்டாம் என்பதுதான் பிழை.

அந்தத் தகடு சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) என்ற பீங்கான். அது எதையும் உற்பத்தி செய்வதில்லை. கடும் வெப்பத்தில், ஒரு பக்கத்துக் காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் அயனிகளுக்கு (மின்னூட்டம் பெற்ற அணுக்களுக்கு) வழிவிடுகிறது, அவ்வளவுதான். ஆற்றல் தருவது மறுபக்கத்து எரிபொருள், பெரும்பாலும் இயற்கை எரிவாயு. கரியமில வாயுவும் வெளியேறத்தான் செய்கிறது. (இதை மட்டும் யாரும் பகிர்வதில்லை!)

சிர்கோனியா இப்படி அயனிகளைக் கடத்தும் தன்மையை ஜெர்மன் வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் 1899லேயே கண்டார். கடத்துதிறனைக் கூட்ட அதில் இட்ரியாவை (இட்ரியம் ஆக்சைடு) கலக்கிறார்கள். ஆனால் சுமார் 8 மோல் சதவீதத்துக்கு மேல் கலந்தால் அது குறைகிறது. மாற்றாக, வேறு ஆக்சைடு கலந்த சீரியா (சீரியம் ஆக்சைடு) குறைந்த வெப்பத்திலேயே நன்றாகக் கடத்தும். ஆனால் எரிபொருள் பக்கத்தில் எலக்ட்ரான்களையும் கசியவிட்டு மின்சாரத்தை வீணாக்கும். ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவது இங்கேதான்.