அகிம்சையை யாரிடம் கேட்கிறோம்?

சென்னையில் எந்தப் போராட்டம் நடந்தாலும் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடும். "கோரிக்கை நியாயம்தாங்க, ஆனா அகிம்சை வழியில போராடலாமே." டிவி விவாதத்தில் வரும், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் வரும். அண்ணா சாலையில் அரை மணி நேரம் வண்டி நகரவில்லை என்றால் போதும், எல்லோருக்கும் காந்தி ஞாபகம் வந்துவிடுகிறார். எனக்கு அகிம்சை மேல் பிடிப்பு உண்டு. அரசியலில் வேறெந்த வழியையும் விட அதைத்தான் நம்புகிறேன். அதனால்தான் இந்த வசனத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1919 ஜனவரி 28 அன்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் மியூனிக்கில் மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஜெர்மனி போரில் தோற்று, தெருவில் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம். அரசு என்றால் என்ன என்று அன்று அவர் சொன்னதை இன்றுவரை அரசியல் வகுப்புகளில் ஒப்பிக்கிறார்கள்: ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறைக்கு ஏகபோக உரிமை கொண்டாடும் அமைப்பு. இயேசுவின் மலைப்பிரசங்கத்தின்படி வாழ ஆசைப்படுகிறவன் முழுசாக அப்படியே வாழட்டும், துறவியாகப் போகட்டும். அரசியலுக்கு வருகிறவன் பேய்ச் சக்திகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் வருகிறான் என்றார். நம்ம ஊர் சரக்கையும் சாட்சிக்கு இழுத்தார். கீதை வருகிறது. அர்த்தசாஸ்திரம் வருகிறது. அதன் பக்கத்தில் வைத்தால், சூழ்ச்சி அரசியலுக்குப் பேர்போன மாக்கியவெல்லியே சாது என்பது அவர் கணிப்பு.

அதே ஆண்டு மார்ச்சில் காந்தி நம் கதீட்ரல் ரோட்டில், ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கியிருந்தார். விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்யும் ரௌலட் மசோதா சட்டமாகிவிட்டது என்று செய்தி வந்தது. அதையே யோசித்தபடி தூங்கிப்போனவருக்கு, விடிவதற்கு முன் அரைத் தூக்கத்தில், கனவு மாதிரி ஒரு யோசனை வந்ததாம். காலையில் முதல் வேலையாக ராஜாஜியிடம் சொன்னதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். நாடு முழுக்க ஒரு நாள் கடையடைப்பு. கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, அன்றைக்குப் பட்டினி கிடக்க வேண்டும், பிரார்த்தனை செய்ய வேண்டும். முஸ்லிம்கள் ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்து நோன்பிருப்பதை ஏற்க மாட்டார்கள் என்று யோசித்து, நோன்பு 24 மணி நேரம் என்று வைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை எதிர்க்க ஒரு திட்டம், அதற்குள் விரத விதி பற்றிய கவலை. துறவி வேறு, அரசியல்வாதி வேறு என்று வேபர் பிரித்து வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

உடனே காந்தி ஜெயித்துவிட்டார் என்று எழுத முடியாது. ஏப்ரல் 6 அன்று கடையடைப்பு நடந்தது. ஒரு வாரத்தில் ஜாலியன்வாலா பாக். அகமதாபாத்தில் மக்கள் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள், உயிர்களும் போயின. இமயமலை அளவுக்குத் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லிக் காந்தியே இயக்கத்தை நிறுத்தினார். வேபர் சொன்ன எச்சரிக்கை வெற்றுப் பேச்சு அல்ல.

இந்தக் கதையில் வள்ளுவருக்கும் பங்கு உண்டு. 1908இல் தாரக்நாத் தாஸ் என்ற வங்காளப் புரட்சியாளருக்கு டால்ஸ்டாய் ஒரு நீண்ட பதில் எழுதினார். ஒரு வியாபாரக் கம்பெனி இருபது கோடிப் பேரை அடிமைப்படுத்திவிட்டது என்கிறீர்களே, அந்த இருபது கோடிப் பேர் ஒத்துழைக்காமல் அது நடந்திருக்குமா என்று கேட்கிற கடிதம் அது. நடுவில் 'இன்னா செய்யாமை' அதிகாரத்துக் குறள்களை எடுத்துப் போட்டிருக்கிறார். 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' அதில் உண்டு. காந்தி அந்தக் கடிதத்தைப் படித்து, குஜராத்தியில் மொழிபெயர்த்து, தன் பத்திரிகையில் வெளியிட்டார். மேடைக்கு மேடை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சமாச்சாரம்தான்.

மேடையில் சொல்லாத பாதியும் ஒன்று இருக்கிறது. 'இன்னா செய்யாமை'யும் அதற்கு அடுத்த 'கொல்லாமை'யும் துறவறவியலில் இருக்கின்றன. பொருட்பாலில் அரசனிடம் பேசும்போது அதே வள்ளுவர், 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்கிறார். கொடியவனைத் தண்டிப்பது பயிருக்குக் களையெடுப்பது போலவாம். துறவிக்கு ஒரு நியாயம், வேந்தனுக்கு ஒரு நியாயம். வேபர் சொன்ன பிரிவினையேதான் இதுவும். டால்ஸ்டாய் துறவியின் குறளை எடுத்து வேந்தனுக்கு எதிராகத் திருப்பினார். காந்தி அதை எடுத்து, துறவியாகவும் இல்லாத வேந்தனாகவும் இல்லாத லட்சக்கணக்கான ஆட்களின் கையில் கொடுத்தார். நவீன அரசியல் சிந்தனையில் புதுசு என்று ஏதாவது உண்டென்றால் எனக்கு இதுதான்.

ஆனால் டால்ஸ்டாய் எடுக்காமல் விட்ட ஒரு குறள் இந்த விஷயத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 'அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை.' இது கொடுங்கோன்மை அதிகாரம். அடிபட்டவன் அழுகிற கண்ணீரைப் படை என்கிறார். பொறுத்துக்கொள், மன்னித்துவிடு என்ற உபதேசம் இதில் ஒரு சொல்கூட இல்லை. பேசுவது அரசனிடம், கொடுப்பது எச்சரிக்கை. இரண்டு அதிகாரங்களும் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்பதைக் கவனியுங்கள். துறவியிடம் பொறுமை கேட்கிறார், அதுவும் அவனாக ஏற்றுக்கொண்ட விரதம். அரசனிடம் கணக்குக் கேட்கிறார். அடி வாங்குகிற குடியானவனிடம் போய், நீ கொஞ்சம் பொறுமையாக அழக் கூடாதா என்று இந்த இரண்டிலும் அவர் கேட்கவில்லை.

நாம் கேட்கிறோம். அதுதான் என் பிரச்சினை.

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளையும் ஜெபக்கூடங்களையும் எரித்த சில வாரங்களில் காந்தி ஒரு கட்டுரை எழுதினார். யூதர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் மார்ட்டின் பூபர் பதில் எழுதினார். யூதத் தத்துவ அறிஞர், காந்தியை மதித்தவர், நாஜிகளுக்குத் தப்பி ஜெருசலேம் போனவர். சாட்சி என்று பார்க்க யாருமே இல்லாத இடத்தில் செத்துப்போவதைச் சத்தியாக்கிரகம் என்று எப்படிச் சொல்வது என்பது அவருடைய கேள்வி. காந்தியின் வாழ்நாள் வேலை முழுவதையும் மதிக்கும் எனக்கு, அந்தக் கட்டுரையை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை. தனக்கு விதித்துக்கொண்டதை, வதை முகாம் வாசலில் நிற்கிறவனுக்கும் விதித்தார். தனக்கென்றால் அது அறம். அடுத்தவனுக்கென்றால் அதற்கு வேறு பெயர்.

1932 பூனா உண்ணாவிரதத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். எரவாடா சிறையில் பட்டினி கிடந்தது காந்தி. உயிர் அவருடையது, வலி அவருடையது, எல்லாம் சரி. ஆனால் அழுத்தம் யார் மேல் விழுந்தது? காந்திக்கு ஏதாவது ஆனால் நாடு முழுக்கச் சேரிகளின் நிலை என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியிருந்தது அம்பேத்கர். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்துத்தான் அந்த உண்ணாவிரதம். அதை அவர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். பின்னால் அந்த உண்ணாவிரதத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாக எழுத முடியுமோ அவ்வளவு கடுமையாக எழுதினார்.

அதே 1932இல் அமெரிக்காவில் ரைன்ஹோல்ட் நீபர் என்ற கிறிஸ்தவ இறையியலாளர், அகிம்சையும் ஒரு வகை நிர்ப்பந்தம்தான், அதனால் பாதிக்கப்படுகிறவர்களும் உண்டு என்று எழுதினார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் மான்செஸ்டரில் நெசவாளர்கள் வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடந்ததை எடுத்துக்காட்டினார். கேட்கக் கசப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை. அதே புத்தகத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இந்த வழிதான் பலன் தரும் என்றும் சொல்கிறார். அவரைப் படித்த மார்ட்டின் லூதர் கிங், 1955இல் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பில் அதைச் செய்தும் காட்டினார். இதமாக மனம் மாற்றும் வித்தை என்று யாரும் அங்கே கனவு காணவில்லை. பேருந்துக் கம்பெனியின் வருமானத்தில் கை வைத்தார்கள்.

சரி, மதத்துக்கு வருகிறேன். சத்தியாக்கிரகிக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்று காந்தி திரும்பத் திரும்பச் சொன்னார். அடி விழும்போது திருப்பி அடிக்காமல் நிற்க வேறு எது பலம் தரும் என்பது அவர் கேள்வி. தமிழ்நாட்டுக்காரனுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும். 1957 நவம்பர் 26 அன்று பெரியாரின் தொண்டர்கள், சாதியைக் காப்பாற்றுகிறது என்று சொல்லி அரசியல் சட்டத்தை எரித்தார்கள். தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் எரித்தார்கள். அதற்குள் அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டு வந்து மூன்று ஆண்டு வரை தண்டனை என்றது. தெரிந்தே ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களுக்குக் கடவுள் கிடையாது, மோட்சம் கிடையாது, மறுபிறவியில் கணக்குத் தீரும் என்ற ஆறுதலும் கிடையாது. பெரியாரின் பேச்சு சாதுவான பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. பேச்சுக்காகவே சிறைக்குப் போனவர் அவர். ஆனால் தண்டனையைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்வதற்குக் கடவுள் தேவைப்படவில்லை என்று அந்தத் தொண்டர்கள் காட்டினார்கள். 

அப்படியானால் வெறும் உத்தி போதுமா? எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரையிலான 323 இயக்கங்களை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். ஆயுதம் இல்லாதவை 53 சதவீதம் ஜெயித்திருக்கின்றன, ஆயுதம் ஏந்தியவை 26 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் உத்தி என்று மட்டும் வைத்துக்கொண்டவன், ஜெயிக்காத 47 சதவீதத்தில் தான் இருப்பது தெரிந்ததும் என்ன செய்வான்? அங்கேதான் ஏதோ ஒரு விரதம் வேண்டியிருக்கிறது. கடவுள் பேரில் எடுத்தாலும் சரி, சுயமரியாதை பேரில் எடுத்தாலும் சரி. அம்பேத்கர் புத்தரைப் பற்றி எழுதும்போது எனக்குப் பிடித்த ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறார்: புத்தர் அகிம்சையை ஒரு கொள்கையாக வைத்தார், விதியாக வைக்கவில்லை. கொல்ல வேண்டும் என்ற ஆசை வேறு, கொன்றாக வேண்டிய தேவை வேறு. விதி என்றால் அடுத்தவன் மீறிவிட்டானா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கொள்கை என்றால் அவனவன்தான் யோசிக்க வேண்டும்.

நம் ஊரில் அகிம்சை எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 41ஆவது பிரிவின்படி ஐந்து நாள் முன்னால் அனுமதி கேட்க வேண்டும். வள்ளுவர் கோட்டம் பக்கமோ எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் பக்கமோ இடம் கொடுப்பார்கள். மைக் செட், கோஷம், இரண்டு டிவி கேமரா. சாலைப் பக்கம் நாலு அடி எடுத்து வைத்தால் கைது. வேனில் ஏற்றிப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். பெயர், அப்பா பெயர், முகவரி எழுதிக்கொள்வார்கள். மதியம் பொட்டலத்தில் தக்காளி சாதம் வரும். மேடையில் நேற்றைய ரிசப்ஷன் அலங்காரத்தை இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள், மணமக்கள் நாற்காலியில் வயதான தோழர் ஒருவர் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பார். மாலை ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிற அகிம்சையோடு எந்த அரசுக்கும் சண்டை இல்லை.

வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிற அகிம்சையோடுதான் சண்டை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. பெண்கள் நிறைய. மழையிலும் வெயிலிலும் நடைபாதையிலேயே இரவும் பகலும் பன்னிரண்டு பதின்மூன்று நாள் கிடந்தார்கள். அனுமதி இல்லாத இடம் என்று வழக்குப் போனது, அப்புறப்படுத்த உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து இழுத்து ஏற்றியது. அகிம்சை வழியில் போராடலாமே என்று கேட்கிறவர்கள் எல்லாம் அந்த நாட்களில் எங்கே இருந்தார்கள்? நான் பார்த்த குழுக்களில் "நடைபாதையை மறிக்கிறாங்க" என்றுதான் பேச்சு. 

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், இனிமேல் சத்தியாக்கிரகம், ஒத்துழையாமை எல்லாவற்றையும் கைவிட வேண்டும், அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது இவை அராஜகத்தின் இலக்கணம் என்றார். 1927இல், தலித்துகளுக்கு மறுக்கப்பட்ட மகாட் குளத்தில் தண்ணீர் எடுக்க சத்தியாக்கிரகம் செய்தவர் அவர், அதனால் சும்மா சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் இந்த ஒன்றில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. வழி திறந்திருக்கிறதா என்பதை யார் தீர்மானிப்பது? பத்து வருஷமாகத் தினக்கூலியாகவே இருக்கிற ஒரு பெண்ணுக்கு, ரிட் மனுவும் வாய்தாவும் இடைக்காலத் தடையும் திறந்த வழியா? அவள் குப்பை வண்டியை நிறுத்திவிட்டு நடைபாதையில் உட்காருவதை அராஜகம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அம்பேத்கரே அதற்கு ஏழு வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று, நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு புத்த மதம் தழுவினார். எந்தச் சட்டத்தையும் அவர்கள் மீறவில்லை, ஒரு கல்கூட வீசவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் எழுதி முடித்த சமத்துவம் போதாது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. இதில் வேறு கருத்து உள்ளவர்கள், குறிப்பாக அந்த 1949 பேச்சை முழுசாகப் படித்தவர்கள், கமெண்டில் வாருங்கள். ஜாலியன்வாலா பாக் ஜோக்குகளோடு வருகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன்.