தை அமாவாசைக்கு வாங்கிய கேன் தண்ணீர்

2025 ஜனவரி 29, புதன்கிழமை, தை அமாவாசை. காலை நாலேகால் மணிக்கு எழுந்து மோட்டாரைப் போட்டேன். குழாய் முதல் ஐந்து நிமிடம் வெறும் காற்றாக இரைந்தது. பிறகு கஷாய நிறத்தில், மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் வாடையுடன் கொஞ்சம் தண்ணீரைக் கக்கியது. தெளியட்டும் என்று திறந்துவிட்டுக் காத்திருந்தேன், தெளிவதற்குள் அதுவும் நின்றுபோயிற்று. தில்லியின் கரோல் பாகில் குளிர்காலத்தில் இது புதிதன்று என்பதால் முதல் நாளே இரண்டு வாளி பிடித்து வைத்திருந்தோம். அது குளிப்பதற்கே சரியாய்ப் போய்விட்டது. அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டிய நாளில், எள்ளோடு இறைப்பதற்குச் சுத்தமான ஒரு செம்புத் தண்ணீர் வீட்டில் இல்லை. தெருமுனைக் கடைக்காரரை எழுப்பி, இருபது லிட்டர் கேன் இரண்டை வாங்கி, ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து இரண்டு மாடி ஏற்றினேன். அறுபதை நெருங்குகிறவனுக்கு இது உடற்பயிற்சி என்று என் மனைவி சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

கேன் தண்ணீர் மடியா, அதாவது சடங்குக்கு ஆகுமா என்று, தர்ப்பணம் செய்துவைக்க வந்த வாத்தியாரைக் கேட்டேன். “காலையிலிருந்து இது நாலாவது வீடு மாமா. நாலு வீட்டிலும் கேன்தான். பித்ருக்களுக்கும் பழகியிருக்கும்” என்றார். பிறகு, நீருக்குள் புண்ணிய நதிகளை எழுந்தருளச் செய்யும் அந்தச் சுலோகத்தைச் சொன்னோம். முதலில் கங்கை, அடுத்து யமுனை, கடைசியில் காவிரி. காவிரிக் கரையில் பிறந்து யமுனைக் கரைக்குப் பிழைக்க வந்தவன் நான்; இரண்டு பெயரும் எனக்கு ஒரே மூச்சில் வரும். யமுனை ஓடுகிற ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, எந்த ஆழ்துளைக் கிணற்றில் பிடித்ததோ தெரியாத பிளாஸ்டிக் கேனுக்குள் அவளை வா, வா என்று கூப்பிட்டேன். அவள் வராமல் இருந்ததே நல்லது. வந்திருந்தால் அந்தத் தண்ணீரையும் கீழே கொட்ட வேண்டியிருந்திருக்கும்.

என் வீட்டுக் குழாய்க்கு எந்த அலுவலகத்தின் எந்தப் பொறியாளர் பொறுப்பு என்று நான் இங்கே விசாரணை நடத்தப் போவதில்லை. எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். தர்ப்பணம் முடிந்து தொலைக்காட்சியைப் போட்டால் அங்கேயும் யமுனைதான் ஓடிக்கொண்டிருந்தாள். ஹரியானாவை ஆளும் பா.ஜ.க. அரசு ஆற்றில் விஷம் கலந்து தில்லிக்கு அனுப்புகிறது என்று ஆம் ஆத்மி கட்சியின் தலைவர் அரவிந்த் கேஜ்ரிவால் திங்கட்கிழமை குற்றஞ்சாட்டியதைப் பற்றிய விவாதம் அது. தில்லியின் குடிநீர் வாரியமான ஜல் போர்டின் பொறியாளர்கள் எல்லையிலேயே கண்டுபிடித்துத் தடுத்திராவிட்டால் தலைநகரில் கொத்துக் கொத்தாக மக்கள் மடிந்திருப்பார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். அதே ஜல் போர்டின் தலைமைச் செயல் அதிகாரியோ, இது உண்மைக்குப் புறம்பானது, குளிர்காலத்தில் ஆற்றில் அம்மோனியா கூடுவது வழக்கம்தான் என்று எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டார். தேர்தல் ஆணையம் ஆதாரம் கேட்டது. வந்த பதிலில் திருப்தி அடையாமல், அம்மோனியா அதிகரித்ததையும் விஷம் கலந்ததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் விளக்கம் தாருங்கள் என்று மறுபடியும் கேட்டிருக்கிறது.

தில்லி சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பத்து ஆண்டுகள் ஒரு நகரத்தை ஆண்ட கட்சி அந்த நகரத்தின் தண்ணீரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே செய்தி, பக்கத்து மாநிலத்துக்காரன் விஷம் வைத்தான் என்பதா?

நியாயம் பேச வேண்டுமென்றால் அவர்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதை மறைக்க நான் தேர்தல் மேடையில் நிற்கவில்லை. பானிபட், சோனிபட் பக்கத்து ஆலைக் கழிவுகள் ஆற்றில் கலப்பது உண்மை. அம்மோனியா ஏறக்குறைய 1 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவைத் தாண்டிவிட்டால் வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருப்பதும், உடனே கரோல் பாக், படேல் நகர், ராஜேந்திர நகர், பஹாட்கஞ்ச் குழாய்கள் இருமத் தொடங்குவதும் உண்மை. ஹரியானா அரசை இதற்காகச் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் கட்சிப் பாசமும் குறுக்கே நிற்காது. ஆனால் இந்த அம்மோனியா போன வாரம் பிறந்த குழந்தையா? ஆம் ஆத்மிக்காரர்கள் தில்லிச் சட்டமன்றத்தின் 70 இடங்களில் 67-ஐ வென்று ஆட்சியில் அமர்ந்தது 2015 பிப்ரவரியில். அதற்குப் பிறகு பத்து குளிர்காலங்கள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அம்மோனியா வந்தது, ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஹரியானாவைப் பற்றி அறிக்கை வந்தது, அம்மோனியாவைப் பிரித்தெடுக்க வஜீராபாத்தில் தனி ஆலை என்ற பேச்சும் வந்தது. என் குழாயில் கஷாயமும் வந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வஜீராபாத் தடுப்பணையிலிருந்து ஓக்லா வரை யமுனை தில்லிக்குள் ஓடும் தூரம் சுமார் 22 கிலோமீட்டர். 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில் அது இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் யமுனை சுமக்கும் மொத்த அழுக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த 22 கிலோமீட்டரில்தான் அவள் தலையில் ஏற்றப்படுகிறது. நஜஃப்கர் வடிகால் ஒன்றே போதும். குர்கான் கழிவும் அதில் கொஞ்சம் வந்து சேர்கிறது என்றாலும், பெரும்பகுதி தில்லியின் சொந்தச் சாக்கடை. குளிக்கும் தரத்துக்கு மலக்கிருமிகளின் உச்சவரம்பு நூறு மில்லிலிட்டருக்கு 2,500. காளிந்தி குஞ்ச் தாண்டி எடுக்கும் மாதிரிகளில் அது இலட்சக்கணக்கில் இருப்பதாகத் தில்லி அரசின் மாசுக்கட்டுப்பாட்டுக் குழுவே மாதாமாதம் வெளியிடுகிறது. 2024 நவம்பரில், ஆற்றில் நின்று சூரியனை வழிபடும் சத் பூஜைக்கு யமுனைக் கரையில் அனுமதி தர உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த நீரில் இறங்கினால் மக்களுக்கு நோய் வரும் என்பதே காரணம். ஆற்றில் மிதக்கும் நுரைக்கும் ஹரியானாதான் சோப்புப் போட்டதா?

2021 நவம்பரில் கேஜ்ரிவால் ஆறு அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார். 2025 பிப்ரவரிக்குள் யமுனை சுத்தமாகிவிடும், அடுத்த தேர்தலுக்கு முன்பு தானே அதில் முங்கி எழுவதாகச் சொன்னார். இதை நான் எழுதுவது 2025 ஜனவரி 31-இல்; நாளைக்குப் பிப்ரவரி பிறக்கிறது. இந்த மாதம் அவரே, யமுனையைச் சுத்தம் செய்வது, எந்நேரமும் குழாயில் குடிநீர், ஐரோப்பியத் தரத்தில் சாலைகள் ஆகிய மூன்றையும் செய்ய முடியவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்ட பெருந்தன்மைக்காக அவரைப் பாராட்டுகிறவர்களைப் பார்த்தேன். தண்ணீர், சாக்கடை, சாலை ஆகிய மூன்றும் நீங்கலாக ஒரு நகர அரசுக்கு வேறு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்று அவர்களில் ஒருவராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

அதிகாரம் இல்லை, மத்திய அரசு நியமித்த துணைநிலை ஆளுநர் விடவில்லை என்பது அடுத்த பதில். தில்லியில் மத்திய அரசோடு ஓயாத இழுபறி இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை; அதிகாரிகள் மீதான கட்டுப்பாடு தில்லி அரசுக்கே என்று உச்சநீதிமன்றம் 2023 மே மாதம் அளித்த தீர்ப்பை மத்திய அரசு எட்டே நாளில் அவசரச் சட்டத்தால் மாற்றியது எனக்கே உறுத்தியது. ஆனாலும் அரசியல் சாசனத்தின் 239-ஏ-ஏ பிரிவு தொடக்கத்திலேயே மத்திய அரசிடம் விட்டுவைத்தவை காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றுதான். அந்தப் பட்டியலில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இவர்களுடைய அமைச்சரிடம் இருந்தது. அந்த அமைச்சர் ஆதிஷி என்ன செய்தார்? 2024 ஜூன் மாதம், ஊர் வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, ஹரியானா தண்ணீர் தரவில்லை என்று தில்லியின் போகல் பகுதியில் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சமையல்காரரே சோறு வேகவில்லை என்று பந்தியில் சத்தியாக்கிரகம் செய்த கதை. அவர்தான் 2024 செப்டம்பரில் முதல்வரும் ஆனார். அதே ஜூன் மாதத்தில், தண்ணீரைத் திருடி விற்கும் டேங்கர் மாஃபியாவை ஒடுக்க என்ன செய்தீர்கள் என்று உச்சநீதிமன்றம் கேட்டதற்கு, மாஃபியாக்காரர்கள் யமுனையின் ஹரியானா பக்கத்துக் கரையிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள், எங்கள் எல்லைக்குள் வராது என்று பதில் தாக்கல் செய்தார்கள். எங்கள் தெருவுக்கு வரும் டேங்கரும் ஹரியானாவின் எல்லைக்குள்தான் நிற்கிறது போலும்.

ஆடத் தெரியாத நாட்டியக்காரி கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கு வசதியாக, ஆட்சிக் காலம் நெடுகிலும் ஒரு கோணல் கூடம் கிடைத்துக்கொண்டே இருந்தது. மாநகராட்சி பா.ஜ.க. கையில் இருந்தவரை குப்பைக்கு அதுவே காரணம். 2022 டிசம்பரில் 250 வார்டுகளில் 134-ஐ வென்று மாநகராட்சியும் இவர்களிடம் வந்தது, காஜிப்பூர் குப்பை மலை நகர்ந்ததா? குளிர்காலத்தில் ஊரை மூடும் புகைக்குப் பஞ்சாபின் காங்கிரஸ் அரசு காரணம். 2022 மார்ச்சில் பஞ்சாபும் இவர்களிடமே வந்தது. அந்த நவம்பரில் பொறுப்பை ஏற்று, அடுத்த குளிர்காலத்துக்குள் சரிசெய்வதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இரண்டு நவம்பர்கள் கண்ணெரிச்சலோடு போய்விட்டன.

எதிர்வீட்டு மாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். மாமி பதினைந்து ஆண்டுகளாக எங்கள் சிநேகிதி, ஆம் ஆத்மியின் சின்னமான துடைப்பத்தின் அசைக்க முடியாத வாக்காளர். பெண்களுக்கு இலவசப் பேருந்து வந்தபிறகுதான் மாதம் இரண்டு முறையாவது ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போய்வர முடிகிறது என்பார்; அதை நான் குறைசொல்ல மாட்டேன். தண்ணீர்தான் இலவசமாயிற்றே என்றார். மாதம் இருபதாயிரம் லிட்டர் வரை கட்டணமில்லை, அதைத் தாண்டினால் முழுக் கட்டணம் என்பது 2015 மார்ச் முதல் நடப்பது. மூன்று குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் உள்ள எங்கள் வீட்டில் அந்த வரம்பு பாதி மாதத்தில் தாண்டிவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நான் பழைய காலத்து ஆள். காசு கொடுத்து வாங்கும் பொருள் கெட்டிருந்தால் கடைக்காரரிடம் சண்டை போடலாம்; சும்மா கொடுத்த பொருள் கெட்டிருந்தால் சண்டை போடுகிறவனைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். பில்லில் பூஜ்யம் போட்டுக் கொடுத்து, கேள்வி கேட்கும் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.

மாமி டிசம்பரிலேயே பெண்களுக்கான 2,100 ரூபாய் திட்டத்துக்குப் பதிவு செய்து வைத்திருக்கிறார். 2024 மார்ச் பட்ஜெட்டில் 1,000 ரூபாய் என்று அறிவித்து, ஒரு மாதம்கூடக் கொடுக்காமல், தேர்தல் நெருங்கியதும் அதை 2,100 ஆக்கி வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். அப்படி ஒரு திட்டமே அறிவிக்கை செய்யப்படவில்லை, யாரிடமும் விவரம் தராதீர்கள் என்று தில்லி அரசின் மகளிர் நலத்துறையே நாளிதழ்களில் பொது அறிவிப்பு வெளியிட்டது. அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். “அதுக்காக வர்ற ரெண்டாயிரத்து நூறை வேண்டாம்னு சொல்லச் சொல்றேளா?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் என் கட்சியான பா.ஜ.க. 2,500 தருவதாகச் சொல்லியிருக்கிறது. காங்கிரசும் அதே 2,500. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாமரைக்கு வாக்களித்துவரும் எனக்கு இது தலைகுனிவுதான். விஷம் இல்லை என்று நிரூபிக்க ஹரியானா முதல்வர் ஆற்றங்கரையில் கேமராக்களுக்கு முன்னால் ஒரு கை யமுனை நீரை அள்ளிக் குடித்துக் காட்டியதும் எனக்கு ஒரு விதத்திலும் பெருமையாக இல்லை. அவர் கரோல் பாகுக்கு வந்து காலை நாலேகால் மணித் தண்ணீரைக் குடித்திருந்தால் கைதட்டியிருப்பேன்.

இருந்தாலும் அடுத்த புதன்கிழமை, பிப்ரவரி 5 அன்று, நான் யாருக்கு வாக்களிப்பேன் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. 2015-இல் என் பேச்சைக் கேட்காமல் துடைப்பத்துக்குப் போட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்த என் மனைவிக்கும் இந்தத் தடவை குழப்பமில்லை. பத்து ஆண்டு ஆண்டவர்களிடம் பத்து ஆண்டுக்கான கணக்கைக் கேட்கிறோம். அவர்கள் ஆற்றுநீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு வந்து அடுத்த வீட்டுக்காரனைக் கை காட்டுகிறார்கள்.

இவ்வளவு வாதத்துக்கும் பிறகு, கிளம்பும்போது மாமி வாசலில் தயங்கி நின்றார். அமாவாசைச் சமையலுக்கு வாழைக்காய் நறுக்கி வைத்தாயிற்று, அலம்பவும் உலை வைக்கவும் தண்ணீர் இல்லை, அரைக் கேன் கிடைக்குமா என்றார். குடத்தைக் கொண்டுவரச் சொல்லி ஊற்றிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்திருந்த ரூபாய் நோட்டுகளை அவிழ்க்கப் போனார். வேண்டாம் மாமி, நம் வீட்டிலும் தண்ணீர் இலவசம்தான் என்றேன். மாமி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.